பழைய ஜீப்பின் பாகங்களுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு

உதிரிபாகக் கடையில் ஜீப்புக்கு ஒரு பாகம் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் முதலில் கேட்பது "எந்த மாடல், எந்த வருஷம்?" என்பதுதான். அண்மைக்காலக் கார்களுக்கு இந்தக் கேள்வி போதும். முப்பது ஆண்டுகளைக் கடந்த மகிந்திரா ஜீப் ஒன்றுக்கு இந்த வழியில் பாகம் தேடினால், பொருந்தாத பாகம் கைக்கு வருவதற்கே வாய்ப்பு அதிகம். ஆர்.சி. புத்தகத்தில் சி.ஜே. 500டி என்று எழுதியிருக்கும். வண்டியின் கீழே படுத்துப் பார்த்தால், வேறொரு மாடலிலிருந்து வந்த பின் ஆக்ஸிலும், முந்தைய உரிமையாளர் எவரோ மாற்றிப் பூட்டிய கியர்பாக்ஸும், ஏதோ ஒரு லேத் பட்டறையில் கடைந்தெடுத்த புஷ்களும் சேர்ந்து ஒரே சட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். என்னிடம் உள்ள ஜீப்பும் அப்படிப்பட்டதுதான். தேனி மாவட்டத்தின் மலைச்சாலைகளில் அதை ஓட்டியும் பழுதுபார்த்தும் வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. பழைய ஜீப்புக்குப் பாகம் தேடுபவர் வண்டியின் பெயரைச் சொல்லித் தேடக்கூடாது. கழற்றிய பாகத்தில் பொறித்திருக்கும் எண்ணையும், அதை அளந்தால் கிடைக்கும் அளவையும் சொல்லித் தேட வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு வண்டியின் வரலாறே காரணம். மகிந்திரா நிறுவனம் 1947இல் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னர், பானெட் உயர்ந்த சி.ஜே.-3பி மாடலை உரிமம் பெற்றுத் தயாரித்தது. அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன அந்த மாடலின் உடலும் அடிச்சட்டமும் இந்தியாவில் அதன் பிறகும் பல்லாண்டுகள் வெளிவந்துகொண்டிருந்தன. அந்தப் பானெட்டுக்குக் கீழே தொடக்கத்தில் இருந்தது 134 கன அங்குலம், அதாவது 2.2 லிட்டர் கொள்ளளவுள்ள ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின். 1980களில் அதன் இடத்தைப் பிரான்சு நாட்டுப் பெஜோ நிறுவனத்தின் எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சின் பிடித்தது. உரிமத்தின் பேரில் நாசிக்கை அடுத்த இகத்புரியில் அது தயாரானது. அந்தப் பெயரில் உள்ள 4 என்பது சிலிண்டர்களின் எண்ணிக்கை, 90 என்பது மில்லிமீட்டரில் சிலிண்டரின் விட்டம். பிஸ்டன் நகரும் தூரமான 83 மி.மீ. ஸ்ட்ரோக்கையும் சேர்த்துக் கணக்கிட்டால் 2112 சி.சி. என்று மிகச் சரியாக வரும். ஆக, எஞ்சின் பிரான்சு வழி வந்தது. கியர்பாக்ஸ், அதிலிருந்து வரும் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்தனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன்பின் ஆக்ஸில்கள் அமெரிக்க வழி வந்தவை. டைனமோவும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பல வண்டிகளில் சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டிவிஎஸ் தயாரிப்பாக இருக்கும்.

இதை வெறும் வரலாற்றுத் தகவலாக எண்ணிக் கடந்துவிட முடியாது, ஏனெனில் இந்தப் பூர்வீகம் ஒவ்வொரு போல்ட்டிலும் தெரியும். எஞ்சினில் மில்லிமீட்டர் அளவுப் போல்ட்டுகள். அதற்குப் பின்னால் உள்ளவற்றில் பெரும்பாலும் அங்குல அளவுப் போல்ட்டுகள். 3/8 அங்குலப் போல்ட்டின் விட்டம் 9.525 மி.மீ. என்பதால், 10 மி.மீ. போல்ட்டோடு சேர்த்துப் பார்த்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மரை வேறு என்பதால் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறாது; பலம் கொண்டு முறுக்கினால் இரும்பு வார்ப்பில் உள்ள மரை போய்விடும். ட்ரான்ஸ்ஃபர் கேஸின் அடிமூடியிலும் ஆக்ஸில் மூடியிலும் இப்படி மரை போன துளைகள் இல்லாத பழைய ஜீப் அரிது. எனவே இரண்டு வகை ஸ்பானர்களும் ஒரு மரை அளவியும் இல்லாமல் இந்த வண்டியைத் தொடக்கூடாது என்பேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள் இடமரை கொண்டவை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழற்ற வேண்டியவை. பஞ்சர் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் வழக்கமான திசையில் கம்பியில் ஏறி நின்று மிதித்தால் ஸ்டட் முறிந்துவிடும் என்பதால், சக்கரம் கழற்றும்போது உரிமையாளர் அருகில் நிற்பது நல்லது.

எண்ணின் பயனை முதலில் எனக்கு உணர்த்தியவை பேரிங்குகள். முன்சக்கர ஹப்பில் உள்ள சாய்வு உருளை பேரிங்கின் உள்பாகத்தில் 18590 என்றும் வெளிக் கிண்ணத்தில் 18520 என்றும் பொறித்திருக்கும். ஸ்டியரிங் திரும்பும் கிங் பின்னில் உள்ளவை 11590, 11520. இவை ஜீப்புக்கென்று பிறந்த எண்கள் அல்ல. டிம்கன் நிறுவனம் வகுத்து, பிற தயாரிப்பாளர்களும் பின்பற்றும் பொது எண்கள். "ஜீப் பேரிங் வேண்டும்" என்று கேட்டபோது இல்லை என்று கைவிரித்த கடைகள் உண்டு. அதே எண்ணை மதுரையில் பேரிங் மட்டும் விற்கும் ஒரு கடையில் சொன்னபோது, எந்த வண்டிக்கு என்று கேட்காமலேயே அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார்கள். ஆயில் சீலுக்கும் இதுவே முறை. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகிய மூன்று அளவுகளையும் வெர்னியர் கொண்டு எடுத்துச் சென்றால், உழவு இயந்திரத்துக்கோ தண்ணீர்ப் பம்புக்கோ வந்த சீல் கூடப் பொருந்திவிடும். அளவெடுக்கும்போது பழைய சீலை நம்பக்கூடாது, அது தேய்ந்தும் விரிந்தும் இருக்கும். ஷாஃப்டையும் அது உட்காரும் குழியையுமே அளக்க வேண்டும்.

பாகத்தைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினமானது பழுதைக் கண்டுபிடிப்பது. பழைய ஜீப்பின் குறைகளில் அச்சமூட்டுவது ஸ்டியரிங் உதறல். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சிறு குழியில் முன்சக்கரம் இறங்கியவுடன் இரண்டு சக்கரங்களும் இடமும் வலமுமாக வெறிகொண்டு ஆடத் தொடங்கும். வேகத்தைக் குறைத்து வண்டி ஏறத்தாழ நிற்கும்வரை ஆட்டம் அடங்காது. பட்டறைகளில் இதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் தீர்வு, முன்சக்கரங்களை இணைக்கும் கம்பியின் முனை மூட்டுகளான டை ராடு எண்டுகளை மாற்றுவது. அவை தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், ஆனால் அவற்றை மட்டும் மாற்றினால் சில வாரங்கள் அடங்கியிருக்கும் உதறல் மீண்டும் வரும். என் ஜீப்பில் மூல காரணம் கிங் பின் பேரிங்கில் இருந்தது.

அந்தப் பேரிங் எப்படிக் கெடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் சிகிச்சையும் புரியும். சக்கர பேரிங் முழுவட்டமாகச் சுழல்வது. கிங் பின் பேரிங்கோ சக்கரம் திரும்பும் அளவுக்குச் சிறு கோணத்தில் மட்டும் அசைகிறது. ஓடும் நேரத்தில் பெரும்பகுதி நேராகச் செல்லும் நிலையிலேயே நின்று, சாலையின் ஒவ்வொரு அடியையும் அதே இடத்தில் வாங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல உருளைகள் கிண்ணத்தில் கோடு கோடாகப் பள்ளம் பதித்துவிடுகின்றன. சக்கரத்தைத் திருப்பிப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் இறுக்கமாகத் தோன்றும். நேரே வைத்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். ஆகவே சோதிக்கும்போது சக்கரம் நேராக இருக்க வேண்டும், ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். பிரேக் பிடித்தபோதும் மேலும் கீழுமாக ஆட்டம் இருந்தால் அது சக்கர பேரிங்கின் ஆட்டமாக இருக்க முடியாது.

புது பேரிங் போட்டவுடன் வேலை முடிவதில்லை. கிங் பின் மூடியின் கீழே ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ குறிப்பிட்ட இறுக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். வில்லிஸ் பராமரிப்பு முறைப்படி, டை ராடைக் கழற்றிவிட்டு, சீல் இல்லாத நிலையில், ஸ்டியரிங் ஆர்மின் துளையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுக்கும்போது 4 முதல் 6 பவுண்டு, அதாவது 1.8 முதல் 2.7 கிலோ வரை காட்ட வேண்டும். மளிகைக் கடையில் பயன்படும் கொக்கித் தராசே இதற்குப் போதும். ஷிம்மைக் கையால் தொட்டுப் பார்த்து "சரியா இருக்குண்ணே" என்று சொல்லும் மெக்கானிக்கின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆயினும் இந்த ஓரிடத்தில் தராசைத்தான் நம்புவேன். இறுக்கம் குறைந்தால் உதறல். மிகுந்தால் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, மலைச்சாலையில் அதுவும் ஆபத்து. இதன் பிறகே டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கும் அளவு), காஸ்டர் (கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வில்லிஸ் முன் ஆக்ஸிலின் காஸ்டர் 3 டிகிரி. பட்டை ஸ்பிரிங்குகள் தளர்ந்து இறங்கிய வண்டியில் அது குறைந்திருக்கும். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் இடையில் சாய்வுத் தகடு வைத்து அதை மீட்கலாம். பட்டையின் ஷாக்கிள் புஷ்கள் தேய்ந்திருந்தால் முதலில் அவற்றை மாற்றாமல் சாய்வுத் தகடு வைப்பதில் பொருளில்லை.

அடுத்தது ட்ரான்ஸ்ஃபர் கேஸ். ஸ்பைசர் 18 அல்லது டேனா 18 என்று அழைக்கப்படும் இது முழுக்கவும் பல்சக்கரங்களால் ஆனது, சங்கிலி கிடையாது. சரியாகப் பராமரித்தால் வண்டியின் மற்றப் பாகங்களைவிட நெடுங்காலம் உழைக்கும். இதன் பழைய பெயர்பெற்ற குறை எண்ணெய் ஒழுகுதல். ஒழுகல் என்றவுடன் எல்லாச் சீல்களையும் வாங்கிக் குவிக்காமல், எண்ணெய் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் முறை. கியர்பாக்ஸிலும் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலும் எண்ணெய் மட்டத்தை ஒரே நாளில் நிரப்பிக் குறித்துவைத்து, சில வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். கியர்பாக்ஸில் குறைந்தும் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் கூடியும் இருந்தால், இரண்டுக்கும் நடுவில் உள்ள தடுப்பின் வழியே எண்ணெய் இடம் மாறுகிறது. மட்டம் உயர்ந்த பக்கத்தில் எண்ணெய் நல்ல சீலையும் தாண்டி வெளியே வரும். அப்போது வெளிச் சீலை எத்தனை முறை மாற்றினாலும் ஒழுகல் நிற்காது. அதைவிடக் கேடானது, எண்ணெய் வற்றிய கியர்பாக்ஸ் சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டிருப்பது.

ஒழுகலின் இன்னொரு ஊற்று இடைநிலை ஷாஃப்ட். இதன் மேல்தான் நடுப் பல்சக்கரம் சுழல்கிறது. ஷாஃப்ட் உட்காரும் துளை தேய்ந்து நீள்வட்டமானால் பின்பக்கம் எண்ணெய் கசியும், பல்சக்கரங்கள் முனகத் தொடங்கும். இந்த ஷாஃப்டின் விட்டம் காலப்போக்கில் இரண்டு முறை மாறியது: போர்க்கால ஜீப்பில் 3/4 அங்குலம், பிறகு 1 1/8 அங்குலம், 1950களில் 1 1/4 அங்குலம். "ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஷாஃப்ட் செட்" என்ற பெயரில் விற்கும் பெட்டியில் எது இருக்கும் என்று சொல்ல முடியாது; பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். துளையே தேய்ந்திருந்தால் புது ஷாஃப்டும் ஆடத்தான் செய்யும். நல்ல லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி ஸ்லீவ் அடித்து மீண்டும் அளவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் இரண்டு பக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும் என்பதால், இதைச் செய்து பழகிய கையிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

எஞ்சினைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, ஏனெனில் டீசல் எஞ்சின் தன் குறையைத் தானே சொல்லிவிடும். குளிர்ந்த காலையில் மட்டும் கிளம்பத் தயங்கி வெண்புகை விட்டால் ஹீட்டர் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். சூடான பின் அணைத்துவிட்டு மீண்டும் கிளப்பும்போது தயங்கினால், டீசலை அழுத்தி அனுப்பும் பம்பு உள்ளே தேய்ந்திருக்கலாம். சூட்டில் நீர்த்த டீசல் தேய்ந்த இடைவெளியில் கசிந்து அழுத்தம் சேர்வதில்லை. சுழல்வகைப் பம்பின் மேல் ஈரத்துணியைப் போர்த்திச் சற்று ஆறவிட்ட பின் வண்டி எளிதாகக் கிளம்பினால் ஐயம் உறுதியாகிறது. இரவு நிறுத்தி வைத்த பின் மட்டும் நெடுநேரம் சுற்ற வேண்டியிருந்தால் டீசல் குழாயில் எங்கோ காற்று புகுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் உள்ள விரிசலிலிருந்து டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். எனவே ஈரத்தைத் தேடினால் கிடைக்காது. ஃபில்ட்டருக்கும் பம்புக்கும் இடையில் ஒளிபுகும் குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். பல நேரங்களில் காரணம், இறுகிப்போன ஒரு செம்பு வாஷராகவே இருக்கும். புதியது கிடைக்காத இடத்தில் அதைச் செந்நிறம் வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் செம்பு மீண்டும் மென்மையாகி நன்றாக அமரும்.

பாகங்கள் கிடைக்கும் இடங்களுக்கு வருகிறேன். சென்னை என்றால் பழையவற்றுக்குப் புதுப்பேட்டை, புதியவற்றுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. ஆயினும் ஜீப் என்று வரும்போது மலையடிவார ஊர்களை நான் பெரிதும் நம்புகிறேன். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மலையேறும் ஜீப்புகள் இன்னும் உண்டு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுபவையும் ஜீப்புகளே. வண்டி அன்றாடம் பிழைப்புக்கு ஓடும் ஊரில் அதன் பாகமும் அதை அறிந்த கையும் நிலைத்திருக்கும். தொலைவில் ஹரியானாவின் மண்டி டப்வாலி என்னும் ஊர் ஜீப்புகளைப் புதிதாகக் கட்டித் தருவதற்குப் பெயர் பெற்றது. அங்கிருந்து பாடி தகடுகளைத் தருவிப்பவர்கள் உண்டு. தகடு வரையில் அது சரி. பிரேக், ஸ்டியரிங் சார்ந்த பாகங்களைக் கண்ணால் பார்த்துக் கையால் தொடாமல் வாங்கக்கூடாது என்பது என் நிலைப்பாடு. பிரேக் சிலிண்டரின் ரப்பர் கப்புகளில் போலி கலந்திருந்தால் சில மாதங்களில் ஊதிப்போய்ச் சக்கரம் பிடித்துக்கொள்ளும். இறக்கத்தில் அதன் விளைவை விளக்கத் தேவையில்லை. பழைய கியர்களை வாங்கும்போது பல்லின் முகத்தில் உரிந்த புள்ளிகள் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். பளபளப்பாக மெருகேற்றி வைத்திருக்கும் கியரைவிட எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும் கியர் தன் நிலையை நேர்மையாகக் காட்டும்.

இத்தனை தொல்லை எதற்கு, வேறு எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏற்றிவிடலாமே என்று பலர் கேட்பதுண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஆய்வில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவோடு ஒத்திருக்க வேண்டும். சட்டம் இடம் கொடுத்தாலும் நான் அதைச் செய்யமாட்டேன். இந்தப் பல்சக்கரங்களும் ஷாஃப்டுகளும் குறைந்த திறனுள்ள எஞ்சினின் முறுக்குவிசையைத் தாங்குவதற்கென அளவிட்டுச் செய்யப்பட்டவை. பெரிய எஞ்சினை ஏற்றினால் பழுது அடுத்த பாகத்துக்கு நகர்கிறதே தவிர நீங்குவதில்லை.

பழைய ஜீப்பை வாங்க எண்ணுபவர்கள் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. முன் ஆக்ஸிலுக்குள் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர இணையான கிரவுன் பினியனின் விகிதமும் பின் ஆக்ஸிலின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். வில்லிஸ் வழி வந்த பல ஜீப்புகளில் பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 43 பல், விகிதம் 5.38. பின் ஆக்ஸில் உடைந்தபோது கிடைத்ததை வாங்கிப் பூட்டிய வண்டிகளில் முன்னால் 5.38உம் பின்னால் 4.88 அல்லது 4.27உம் இருப்பது நடக்கக்கூடியதே. இரு சக்கர ஓட்டத்தில் இது தெரியவே தெரியாது. இந்த ட்ரான்ஸ்ஃபர் கேஸில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்கொடுக்கும் டிஃபரன்ஷியல் இல்லை என்பதால், நான்கு சக்கர ஓட்டத்துக்கான லிவரைப் போட்டவுடன் இரண்டு ஆக்ஸில்களும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கத் தொடங்கும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த முறுக்கு அவிழ்ந்துவிடும். பாறையிலும் தார்ச்சாலையிலும் அவிழ வழியின்றி, ஷாஃப்டின் மூட்டில் உள்ள கிராஸோ ட்ரான்ஸ்ஃபர் கேஸோ உடையும்.

சோதிப்பதற்கு எதையும் திறக்க வேண்டியதில்லை. பின் ஆக்ஸிலின் இரண்டு சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டு வைத்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். சக்கரத்திலும் புரொப்பல்லர் ஷாஃப்டிலும் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, இரண்டு சக்கரங்களையும் ஒரே திசையில் ஒரே அளவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். ஐந்து சுற்றும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலுமாக வந்தால் 5.38, ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.88, நான்கேகாலை ஒட்டி வந்தால் 4.27. பின்னர், பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, லிவரை இரு சக்கர நிலையில் வைத்து முன் ஆக்ஸிலிலும் இதையே செய்யுங்கள். முன்சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் பூட்டியிருந்தால் அதைப் பிணைத்த பிறகு செய்ய வேண்டும். எண்ணிக்கை வேறுபட்டால், விலை பேசுவதற்கு முன் பொருத்தமான கிரவுன் பினியன் கிடைக்குமா என்று விசாரித்து, அதைப் பூட்டி ஷிம் வைத்துச் சரிசெய்யும் கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.